ஒன்பது நாட்டுக்கு ஒரு மொழி

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கனடாவுக்குப் போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்து இறங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. காசு வாங்கி, விசா இல்லாமல் ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை எக்குவடோரில் இறக்கி, அங்கிருந்து தரைவழியாக வடக்கே அனுப்புவான் என்பது ஏற்பாடு. அதற்காகச் சின்னம்மா போனைப் பார்த்து ஸ்பானிஷ் படித்தார். குளியலறைக்குள்ளிருந்தும் ஸ்பானிஷ் கேட்கும்.

அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். மொழி தெரியாமல் கூண்டில் நின்று விழிப்பவர்களை நாளாந்தம் பார்ப்பவர்.

"பாஷை தெரியாத இடத்தில தனியப் போய் என்ன செய்யப்போறீர்? நான் சம்மதிக்கமாட்டன்" என்றார்.

சின்னம்மா என் அட்லஸை எடுத்து மேசையில் விரித்தார்.

"இஞ்ச பாருங்கோ அத்தான். கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா, சிலி, ஆர்ஜென்டீனா. இன்னும் மூண்டு கிடக்கு. ஒன்பது நாட்டுக்கும் ஒரே பாஷை. இஞ்ச வீட்டில தமிழ், மரக்கறிக்காரனோட சிங்களம், பாங்கில இங்கிலிஷ். கீழ காலி வீதிக் கடையில ஒரு சாமான் வாங்கி வரவே மூண்டு பாஷை வேணும்."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு மறுப்பும் தளர்ந்தது. புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருக்கவில்லை.

"பிரேசிலில போர்த்துக்கீசம். அதுதான் ஆகப் பெரிய நாடு" என்றேன்.

"பிரேசிலுக்கு ஆரடி போகினம்?" என்று சின்னம்மா அட்லஸை மூடினார்.

அவர் புறப்பட்ட சில கிழமைகளில் பிரேசிலிலிருந்து போன் வந்தது. ஏஜென்சிக்காரன் பாதையை மாற்றிவிட்டிருந்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். சின்னம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை.

"பயப்பிடாதேங்கோ. ஸ்பானிஷை ஆறுதலாக் கதைச்சால் இவைக்கு அரைவாசி விளங்குது. மிச்சத்துக்குத் தமிழ் இருக்கு! மேசைக்கு மேசாவாம், யன்னலுக்கு ஜனேலாவாம், சாவிக்கு ஷாவியாம். வீட்டுக்காரி சாப்பிடப் பாண் கொண்டுவந்து வைச்சு, கிட்டத்தட்ட பாண் எண்டுதான் சொல்லுறா. போர்த்துக்கீசன் எங்களிட்ட விட்டிட்டுப் போனதெல்லாம் இஞ்ச உதவுது."

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"வெளியில போக விடுகினமோ?" என்று கேட்டார்.

"அழாதை அக்கா" என்றார் சின்னம்மா. அப்பா ஸ்பீக்கரை நிறுத்தி, போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சின்னம்மா எப்படியோ போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு ரொறன்ரோவில், பக்கத்து வீட்டுக் கொலம்பியாக்காரியோடு வேலிக்கு மேலால் ஸ்பானிஷில் வம்பளக்கிறார். நாங்கள் போன் எடுத்தால் காத்திருக்க வைக்கிறார்.

அந்தப் போன் வந்த மறுநாள், மேசா, ஜனேலா, ஷாவி என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது யோசித்தால், அவற்றில் தெரு இல்லை, கடை இல்லை, பஸ் இல்லை. எல்லாமே பூட்டிய அறைக்குள் இருந்தபடி பொறுக்கியெடுக்கக்கூடிய சொற்கள். அம்மாவுக்கு அது கேட்டவுடனே விளங்கியிருந்தது.