ஃபிளாஸ்க்கோடு ஒரு புங்குஸ்

போன வாரம் சமையலறை அலமாரியை ஒழிக்கும்போது பழைய ஃபிளாஸ்க் ஒன்று கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்தால், இத்தனை வருடம் கழித்தும் தேநீர் வாசனை, நாங்கள் 'தே' என்போமே, அது! உடனே மனசு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடிவிட்டது.

அங்கே ஒரு புடவைக் கடையின் மாடியில்தான் என் முதல் வேலை. மென்பொருள் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நாலு மேசையும் ஒழுகும் ஏர்கோனும்தான் கம்பெனி. தினமும் ரவாங்கிலிருந்து ரயிலில் வந்துபோவேன். வேலை நிரந்தரமாவதும் ஆகாததும் எங்கள் டீம் லீடர் செல்வி அக்காவின் கையில். கீழே இருந்த புடவைக் கடைக்காக நான் எழுதிய பில் புரோகிராமைப் பார்த்துவிட்டு அக்கா தலையில் கைவைத்தார்.

"என்ன தம்பி இது? புடவைய பில்லுல சேர்க்க ஒரு மெத்தட், மீட்டர் துணிக்கு இன்னொன்னு, ஆளுக்கொரு பேரு! ஓவர்லோடிங் படிக்கலையா? ஒரே பேரு வை லா. என்ன கொடுக்குறோமோ அதப் பாத்து கம்பைலரே சரியானதக் கூப்பிடும். வெள்ளிக்கிழமை எனக்கு நீ விளக்கணும். அப்புறம்தான் உன் வேலையப் பத்திப் பேச்சு."

படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கவலையோடு முனைக் கடைக்குச் சாப்பிடப் போனேன். பார்சல் கட்டுவது காதர் அண்ணன். எல்லோரும் அவரைப் பார்த்துக் கத்துவது, 'கட்டிக் கொடு' என்பதற்கான ஒரே மலாய்ச் சொல்தான்: "புங்குஸ்!" உள்ளே வாங்கிய சோற்றை அவரிடம் நீட்டினால் பழுப்புத் தாளில் மடித்து ரப்பர் பேண்ட் போடுவார். கறி என்றால் பிளாஸ்டிக் பையில் இறுக்கி ஒரு முடிச்சு. தே என்றால் பை, ராஃபியா கயிறு, ஸ்ட்ரா. பையில் தே வாங்கி ரயிலில் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டவன் நான்.

"அண்ணே, எனக்கு பை வேணாம். மேல போய் சூடா குடிக்கணும்."

"தே மட்டும் கொடுத்தா பைதான் பாஸ். நீங்க எங்க போய் குடிச்சா எனக்கென்ன?"

பக்கத்துக் கடையில் இந்த ஃபிளாஸ்க்கை வாங்கி வந்து தேயோடு சேர்த்து நீட்டினேன். "புங்குஸ்!" அவர் ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டார். அதே சொல், வேறு வேலை! கடை நடுவில் நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்தே போனார்.

வெள்ளிக்கிழமை செல்வி அக்கா மடக்கினார். "பேரும் ஒன்னு, கொடுக்குறதும் ஒன்னு. திரும்பி வர்றது மட்டும் வேற. நடக்குமா?"

"நடக்காதுக்கா. வேற வேணும்னா வேற எதையாவது சேர்த்துக் கொடுக்கணும். தே மட்டும் கொடுத்தா பைதான்." ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்துக் கதையைச் சொன்னேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"போடா, உனக்கு வேலை பெர்மனன்ட். கீழ போய் எனக்கும் ஒரு தே புங்குஸ் வாங்கிட்டு வா!"

அன்றைக்குப் படியில் இறங்கினேனா பறந்தேனா, இன்றும் தெரியாது.

நேற்று ஃபிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். எங்கள் மாடி இப்போது தங்கும் விடுதி. செல்வி அக்கா மகளோடு பினாங்கில் இருக்கிறார். காதர் அண்ணன் ஊரோடு போய்விட்டாராம். அவர் நின்ற இடத்தில் தொடுதிரை ஒன்று நிற்கிறது. சோறு கட்ட ஒரு பொத்தான், கறி கட்ட ஒரு பொத்தான், தே கட்ட ஒரு பொத்தான். அடப்பாவிகளா, அக்கா தலையில் கைவைத்த என் புரோகிராமேதான்! தனியாக நின்று சிரித்தேன்.

சிரித்து முடித்துத் திரையை மேலும் கீழும் தேடினேன். ஃபிளாஸ்க்கை நீட்ட அதில் இடமே இல்லை.