டிகிரி போட்ட கையெழுத்து

டிகிரி எனக்குத் தர வேண்டியிருந்தது நானூற்று எழுபது ரூபாய். வட்டியில்லாமல் பிடித்தம் செய்தே அதைத் தீர்த்துவிட்டேன். அந்தக் கடன் எப்படி வந்தது, பின்னால் என்ன ஆனது என்று சொல்லாமல் அந்த மனுஷனைப் பற்றி எழுத முடியாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பஸ் கழுவிப் பிழைத்தேன். முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு பஸ், ஐம்பதில் பதினொன்று. ஒருத்தனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நான் பெருமை அடிப்பதாக என் வீட்டுக்காரி சொல்வாள். அவள் தாய்வீடு போவதும் அந்தப் பதினொன்றில் ஒன்றில்தான்.

டிகிரி என்பது என் பஸ் ஷெட்டில் அவனுக்கு வைத்த பேர். மண்ணும் பாறையும் படித்தவன். கடைசி வருஷம் அவன் வகுப்பு என் முதல் பஸ்ஸில் நாலு நாள் படிப்புப் பயணம் போனது. ஓட்டியவன் என் மச்சான். மூன்றாம் நாள் பாறை வாத்தியார், திட்டத்தில் இல்லாத ஒரு மலைச்சரிவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். மச்சான் டிரிப் ஷீட்டை நீட்டினான். எங்கள் தொழிலில் பாதை மாறினால் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் தலையில்தான் கூடுதல் தூரத்துக் காசு. வாத்தியார் பேனாவை எடுத்து டிகிரி கையில் கொடுத்து, நீ போடு, டிபார்ட்மென்ட் கொடுத்துவிடும் என்றாராம். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போட்டான். நூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்.

பணம் வரவில்லை. படிப்பு முடிந்து தவணை கேட்டு வந்தான். ஏதாவது வைத்துவிட்டுப் போ என்றேன். அவனிடம் இருந்தது பட்டச் சான்றிதழ் ஒன்றுதான். அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பில் எழுத அவனையே உட்கார வைத்து, மாசம் இருபது பிடித்தேன்.

எட்டாம் மாசம் ஒரு கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ் காட்ட வேண்டும். அவன் அம்மா வந்து ஷெட் வாசலில் அரை நாள் நின்றாள். வேலை கிடைத்தால் உன் மகன் போய்விடுவான், என் காசுக்கு யார் பதில் என்று கேட்டேன். வேலை வேறொருத்தனுக்குப் போனது. கடன் தீர்ந்த பிறகும் போகாமல் டிகிரி என்னோடு இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டான்.

ஆனால் அவன் வாயைத் திறந்தால் வாத்தியார்கள்தான். இடது கையால் ஒரே இழுப்பில் ஆற்றின் வரைபடம் போடும் வாத்தியார். மலைப்பாதையில் வாந்தியெடுத்த பெண்பிள்ளைகளின் தலையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்திய டீச்சரம்மா. எல்லாருக்கும் மேலே பாறை வாத்தியார். அந்தச் சரிவில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, உடைந்த கல்லில் சிப்பியைக் காட்டி, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்றாராம். அதைச் சொல்லும்போது, டயர் கணக்குப் பார்க்கிறவன் முகமா அது என்று இருக்கும். கிளீனர்கள், ‘அண்ணே, இன்னிக்குக் கடல் வத்திருச்சா?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

எனக்கு வேறொன்று தெரியும். இரண்டாம் வருஷமே, டிகிரி படித்த கல்லூரியின் கணக்கர் தன் மகள் கல்யாணத்துக்குப் பஸ் பேச வந்தபோது சொன்னார்: கூடுதல் தூரத்துக்கான பணத்தை டிபார்ட்மென்ட் அப்போதே வாத்தியாரிடம் கொடுத்துவிட்டது. நான் டிகிரியிடம் மூச்சு விடவில்லை. பர்மிட்டுக்குக் கடிதம் எழுத எனக்கு ஆள் வேண்டும். குறைந்த சம்பளத்தில் வந்து மாட்டியதை நான் ஏன் அவிழ்த்துவிட வேண்டும்?

போன வருஷம் பாறை வாத்தியாரே வந்தார். ஓய்வுபெற்ற பத்துப் பேரோடு மூன்று நாள் ஊர் சுற்ற. டிகிரி பாதி எழுதிய பில்லை விட்டுவிட்டு ஓடினான். தன் வகுப்பு எது, என்ன வருஷம், எந்தச் சரிவு என்று அடுக்கினான். வாத்தியார் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. ரேட்டு ஏன்பா இவ்வளவு? நீதானே பில் எழுதுற, குறைச்சுப் போடு.”

டிகிரி என்னிடம் வந்து குனிந்து சொன்னான். “சாருக்குக் குறைச்சிடலாம் முதலாளி. மிச்சத்த என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே ஆளுக்கு, அதே புத்தி. பெட்டியைத் திறந்து பழைய டிரிப் ஷீட்டை எடுத்து மேசைமேல் போட்டேன்.

“இந்த நானூத்தெழுபது உங்க கைக்கு வந்துச்சு. இவன்கிட்ட குடுத்தீங்களா?”

கூட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் ஷீட்டை எட்ட வைத்துப் பார்த்தார்.

“அப்ப வீட்டுல கொஞ்சம் கைமுடை,” என்றார். பிறகு டிகிரியை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்து, “அந்தக் கையெழுத்துப் பையனா நீ?” என்றார்.

“ஆமா சார்.”

“நான் இதை ரெண்டாம் வருஷமே கேள்விப்பட்டேன்டா,” என்றேன் டிகிரியிடம். அவன் என் பக்கம் திரும்பவில்லை. “முதலாளி, எனக்கு வேண்டாம். சாரை விட்டுடுங்க,” என்றான்.

பணம் வைக்காமல் பஸ் நகராது என்றேன். டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். “கையை நீட்டுடா.”

நீட்டினான். மை படிந்த கை. அன்றைக்குப் பிறகு ஷெட்டில் கடல் கதை கிடையாது. கிளீனர்கள் கேட்டாலும் பில் புத்தகத்தைப் புரட்டுவான். அன்றைக்கு வாத்தியார் அவன் முகத்தைப் பார்க்காமல் எண்ணினார். நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு. ஒரு ஐம்பது. பைக்குள் துழாவி, கடைசியாகக் கசங்கிய ஒரு இருபதை எடுத்து, நீவி, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தார்.