சூயஸில் இறங்காதவன்

மதுரையில் எங்கள் தெருவில் என்னைக் காலில் சக்கரம் கட்டியவன் என்பார்கள். என்னைப் பெற்ற அத்தாவின் டிரங்குப் பெட்டிக் கடையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் உட்கார்ந்ததில்லை. கீழவாசல் வரை போய்வருகிறேன் என்று கிளம்பினால் திருமங்கலத்தில் நிற்பேன். கடைசியில் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்கே கிளம்பிவிட்டேன். நடுவில் மண்டபம் கேம்பில், நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆறு நாள் கம்பிவேலிக்குள் வைத்திருந்தார்கள். ஆறு நாளும் வேலி ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடந்தேன். நாலாம் நாள் காவல்காரனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடைத்துவைத்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப்போடும் வேலை கிடைத்தது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். அதே கப்பலில் திருவாதவூர்க்காரன் ஒருவன் ஏறினான். என்னைவிட நாலைந்து வயது இளையவன், ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவன். முதல் நாளே என்னை மாமா என்றான், நான் மாப்ள என்றேன். எங்கள் பக்கத்தில் பாய்மாருக்கும் மற்றவர்களுக்கும் அதுதான் உறவுமுறை. அவனுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. கப்பலிலோ எல்லாம் இந்துஸ்தானிதான். கொழும்புத் துறைமுகத்தில் அலைந்ததில் எனக்கு அது வந்திருந்தது. கரிக்காரர்களை மேய்க்கும் சாரங்கு சிட்டகாங்க்காரர். அவர் போடும் சத்தத்தைத் தமிழாக்கி மாப்ளையிடம் சொல்வது என் இன்னொரு வேலை.

ஏடனை விட்ட மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. அதற்கும் மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் முத்துப் போட்டுவிட்டது. செங்கடல் வெக்கை தாங்காமல் எல்லோரும் மேல்தளத்தில் படுத்ததால், கீழே அறையில் அவன் மட்டும்தான் கிடந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டாவது ஆபீசர்ட்ட மருந்துப் பொட்டி இருக்கு. சொல்லிட்டு வாரேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆத்தா எறங்கியிருக்கா மாமா. மருந்து மாத்திரைன்னு அவள வெரட்டப்படாது. தண்ணி ஊத்துனா தானாப் போயிருவா. ஆபீசருக்குத் தெரிஞ்சா என்னைய வழியில எங்கனயாச்சும் எறக்கி விட்ருவாக."

"கிறுக்குப் பயலே, இது கப்பலு."

"எறக்கி விட்டா நீங்களும் கூட வருவீகளா?"

"வராம? ஒன்னைய விட்டுட்டு நான் எங்கிட்டுப் போகப்போறேன்."

சொல்லும்போது அதில் பொய்யில்லை. மனதாரத்தான் சொன்னேன்.

நான் ஐந்து வேளை தொழுகிறவன். ஆனாலும் எங்கள் வீட்டிலும் அம்மை கண்டால் அம்மா வாசலில் வேப்பிலை செருகுவார், டாக்டர் பேச்சையே எடுக்கமாட்டார். அந்தப் பழக்கம் என் வாயையும் கட்டிவிட்டது. சாரங்கிடம் வெக்கைக் காய்ச்சல் என்றேன். பாய்லர் முன்னால் நிற்கிறவர்களுக்கு அது வருவதுதான், அவரும் நம்பினார். ஆனால் ஆள் குறைந்தால் கரி குறையும், கரி குறைந்தால் குட்டு வெளிப்படும். அதனால் என் நாலு மணி நேரம் முடிந்ததும் அவன் முறையில் பாதியை நானே பார்த்தேன்.

மிச்ச நேரத்தில் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். அது முடிந்தால் கப்பலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். சூயஸில் துறைமுக டாக்டர் ஏறி ஆள் ஆளாகப் பார்ப்பார். சூயஸ் வரவே கூடாது என்றும், சீக்கிரம் வந்து தொலையட்டும் என்றும் ஒரே சமயத்தில் மனசு அடித்துக்கொண்டது. காற்றும் கப்பல் போகும் வேகத்திலேயே பின்னால் வந்ததால் முகத்தில் ஒரு வீச்சுகூடப் படவில்லை. படுத்துக்கிடந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க நடந்தா கப்பலு வெரசாப் போயிருமா மாமா? செத்த உக்காருங்க."

சூயஸுக்கு முதல் நாள் முத்து வாடியது. தண்ணி ஊத்தணும் என்றான். குடிதண்ணீரை ஆளுக்கு இம்புட்டு என்று அளந்து கொடுக்கும் கப்பலில் நான் எங்கே போவேன்? என் பங்கில் இரண்டு நாளாக மிச்சம் பிடித்ததை வாளியில் ஊற்றி வெயிலில் வைத்தேன். சமையல்காரரிடம் புண்ணுக்கு என்று சொல்லி மஞ்சள் தூள் வாங்கிப் போட்டேன். வேப்பிலைக்கு வழியில்லை. தலையில் ஊற்றியதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. ஊரில் முதல் தண்ணி ஊற்றிவிட்டால் பாதி பயம் போய்விடும், நாங்களும் அந்த நினைப்பில்தான் இருந்தோம். காய்ந்த பொருக்கே டாக்டருக்குப் போதும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. மறுநாள் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அவனே மேலே வந்து வரிசையில் நின்றான்.

டாக்டர் அந்தச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். சின்னம்மையா பெரியம்மையா என்று அவருக்கே உறுதியில்லை. இவனைக் கரையில் தனி ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும், இவனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவன் எவனோ அவனும் கூடப் போக வேண்டும், நாற்பது நாள் என்றார். டாக்டர் ஆபீசரிடம் சொன்னார், ஆபீசர் சாரங்கிடம் சொன்னார், சாரங்கு என்னிடம் சொன்னார். "யார் பார்த்துக்கொண்டது என்று அவனைக் கேள்," என்றார்.

நாற்பது நாள் என்றதுமே மண்டபத்துக் கம்பிவேலி என் கண்முன் வந்து நின்றது. வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அதைச் சொல்லாமல், பதில் தெரிந்த கேள்வியை அவனிடமே தமிழில் கேட்டேன்.

"ஒன்னைய யாரு பாத்துக்கிட்டான்னு கேக்குறாக. அந்த ஆளும் கூட எறங்கணுமாம். நாப்பது நாளாம்."

நாப்பது நாள் என்பதை அழுத்திச் சொன்னேன். தெரிந்துதான் அழுத்தினேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "யாருமில்லன்னு சொல்லிருங்க மாமா."

அதை அப்படியே இந்துஸ்தானியில் சொன்னேன். சாரங்குக்கு உண்மை தெரிந்திருக்கும். இன்னொரு ஆளை இழக்க அவருக்கும் மனமில்லை. மாப்ளையை ஏணி வழியாகப் படகில் இறக்கினார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் ஊசி குத்தி, அறையில் கந்தகப் புகை போட்டு, மூன்றாம் நாள் கப்பலை விட்டார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? கால்வாயில் கப்பல் மாட்டுவண்டிபோல ஊர்ந்தது, இரண்டு பக்கமும் வெறும் மணல். அங்கே வைத்துத்தான் சந்தோஷம் வடிந்தது. தாகமென்றால்கூட அவன் அதை எந்தப் பாஷையில் கேட்பான் என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

அவன் குணமாகி வேறு கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு சாரங்கு விசாரித்துச் சொன்னார். ஒரு வருஷம் கழித்து மதுரைக்கு வந்தேன். திருவாதவூர் போவதை இன்றைக்கு நாளைக்கு என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். போனபோது வயலில் நின்றான், வெற்று மார்பில் நாலைந்து தழும்பு. "வாங்க மாமா" என்று வரப்போர மரத்து நிழலில் துண்டை விரித்து உட்காரவைத்து மோர் கொடுத்தான்.

"மாப்ள, அன்னைக்கு நாந்தான்னு சொல்லியிருக்கணும்," என்றேன்.

"விடுங்க மாமா. நல்லாத்தான் பாத்தாக. கட்டில் குடுத்தாக, வேளைக்குச் சோறு குடுத்தாக. என்ன, நாப்பது நாளும் ஒருத்தர் பேசுனதும் வெளங்கல. நீங்க இருந்திருந்தா பேச்சுத் தொணைக்கு ஆச்சு. அம்புட்டுத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன். அவன் என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினான்.