மனைவியின் காதுக்காக உடைத்த தேங்காய்

என் மனைவி பகவதிக்குக் காது போய்விட்டது என்று நினைத்தேன். நான் ஒன்று சொன்னால், "என்ன சொன்னிய?" என்பாள். திரும்பச் சொன்னாலும் அதையே கேட்பாள். கோபம் வரும். செவிடி என்று வைதிருக்கிறேன்.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக் கடையில் வேலை பார்த்தவன். லாரி வந்தால் எந்த மூட்டை எந்த அடுக்குக்கு என்று மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்குக் கூவிச் சொல்ல வேண்டும். அவர்களும் சரியாகக் கேட்காமல் ஆனார்கள். மட்டை அரிசி பச்சரிசி அடுக்கில் போய் விழுந்தது. "அண்ணாச்சி, வாயில என்ன, அவலோ?" என்று சிரித்தார்கள். லாரிச் சத்தத்தில் இவர்களுக்கும் காது அடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முதலாளி என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார்.

பகவதி நம்பிவிட்டாள். அவளுக்குத் தன் காது மேல் நம்பிக்கை இல்லை. என் வாய் மேல் இருந்தது. கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டாள். ஒன்று கேட்டால் ஒன்று சொல்லிவிடுவோம் என்று பயம். நாகர்கோவிலில் இருந்து மகள் போன் பண்ணினால், "உனக்குக் கேக்காது, இங்க தா" என்று நான் வாங்கிக்கொள்வேன். மகள், "அப்பா, லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவாள். வர வரக் கூப்பிடுவதும் குறைந்தது.

ஒரு நாள் பகவதி அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அவளுக்குக் காதைக் கொடு என்று தோப்புக்கரணம் போட்டேன். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அவள்தான் கை கொடுத்துத் தூக்குவாள். வயசு என்று விட்டுவிட்டேன்.

ஓணத்துக்கு முன்னால் அவளைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சின்னச் சத்தத்தைக்கூட அவள் விடவில்லை.

சோதித்த பெண் வெளியே வந்து, மலையாளம் கலந்த தமிழில், "அம்மாவோட காதுக்கு ஒரு குழப்பமும் இல்ல கேட்டோ" என்றாள்.

"பின்ன ஏன் நான் சொன்னா மட்டும் கேக்கல?" என்றேன்.

அந்தப் பெண் குனிந்தாள். "என்ன சொன்னீங்க அப்பா?"

மறுபடியும் சொன்னேன். காதை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நேரே நரம்பு டாக்டரிடம் அனுப்பினாள்.

பார்க்கின்சன் என்றார் டாக்டர். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம் ஊறுமாம். எனக்கு அது வற்றுகிறது. அது குறைந்தால் பேச்சுக்கான தசைகள் முழு வீச்சில் அசையாது. சத்தம் தாழ்ந்துவிடும். "உங்களுக்குச் சரியா பேசுற மாதிரிதான் இருக்கும். அடுத்தவங்களுக்கு முணுமுணுப்புதான்" என்றார்.

பகவதி பக்கத்தில் இருந்தாள். "அப்ப எனக்குக் காது நல்லாதான் கேக்கு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாத்திரையில் கை கால் இளகியது. பேச்சு அவ்வளவு தெளியவில்லை. அதற்குப் பயிற்சி உண்டு. காலையில் மூச்சை இழுத்து உரக்க "ஆ" என்று சொல்ல வேண்டும். என் காதை நான் நம்பக் கூடாது, எதிரில் இருப்பவர் சொல்வதுதான் அளவு என்றார்கள். பகவதி எதிரில் உட்காருகிறாள். போதாதென்றால், "பூனைகூடத் திரும்பாது, இன்னும்" என்பாள். நோய் போகாது. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

இப்போது மகளோடு அவள்தான் பேசுகிறாள். அப்படித்தான் ஒன்று தெரிய வந்தது. நான் போனை வாங்கிக்கொண்டிருந்த நாட்களில் மகளுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்திருக்கிறது. தாயிடம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். போன் என் கையில் இருந்தது. அந்த நேரம் இனித் திரும்பாது.

ஆனாலும் பிள்ளையார் என் வேண்டுதலைத் தள்ளவில்லை. அவள் காதைக் கேட்டேன். என் நோயைக் காட்டினார். எனக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. உங்கள் வீட்டிலும் குறை இருக்கும். அது யாரிடம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு கோயிலுக்குப் போகாதீர்கள். குறை உண்டு என்று மட்டும் சொல்லிப் பிள்ளையார் முன்னால் நில்லுங்கள். ஆளை அவர் கண்டுபிடிப்பார்.