உதவி செய்யாதீர்கள் என்று சபையில் சொன்னவள்

எங்கள் ஊரில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். அதனால் நான் ஓ.டி.யில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், "ஓவர்டைமுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?" என்று முதலிபாளையத்தில் ஒருவராவது கேட்காமல் விட்டதில்லை. ஆக்குபேஷனல் தெரபி என்று விரித்துச் சொன்னால் அடுத்த கேள்வி, "மாத்திரை எழுதுவீங்களா?" எழுத மாட்டேன் என்றதும் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிபட்டோ நோய்ப்பட்டோ முடங்கிப்போனவர்களை, அவர்கள் அன்றாட வேலைகளை மறுபடி அவர்களே செய்யும்படி பழக்குவது என் தொழில். சோறு பிசைவது, சடை பின்னுவது, பொத்தான் போடுவது. எங்கள் ஊராக இருந்தால், மிஷினில் உட்கார்ந்து பனியன் தைப்பது.

படித்தது வெளியூரில், ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரியில். அங்கே ஜெபம் இல்லாமல் எதுவும் தொடங்காது. காலையில் சிற்றாலயத்தில் பாட்டு, வார்டுக்குள் நுழையுமுன் ஜெபம், ஆராய்ச்சிக் குழு கூடினால் அதற்கும் ஜெபம். என் நெறியாளர் ஒரு மூத்த பேராசிரியை. கண்களை மூடி, குரல் தழுதழுக்க, எனக்காகவும் என் ஆய்வுக்காகவும் மன்றாடுவார். ஆமென் சொன்ன கையோடு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் அத்தியாயத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார். இரண்டுக்கும் நடுவே நான் கண்ணைத் திறக்கக்கூட நேரம் இருக்காது.

கடைசி ஆண்டுப் பரிசீலனையிலும் அப்படித்தான் நடந்தது.

"கை முடங்கின தையல்காரங்களைப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்ப முடியும்னு எழுதியிருக்கே. அனுப்பினியா?"

"வேலைக்குப் போயிருக்காங்க மேடம்."

"எந்த வேலைக்கு?"

என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கம்பெனிக்குத் திரும்பினார்கள்தான். ஆனால் டெய்லராக இருந்தவர்கள் செக்கிங்குக்கும் பிசிறு நூல் வெட்டுவதற்கும் போயிருந்தார்கள்.

"தன் மிஷினுக்கே திரும்பினவங்க ஒருத்தராவது இருந்தா எழுது. இல்லேன்னா அந்த வாதத்தை எடுத்துடு."

அதை எடுத்துவிட்டால் ஆய்வில் மிச்சம் இருப்பது அட்டையும் நன்றியுரையும்தான். பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பயமாகவே இருந்தது. என்னிடம் அப்போது சிகிச்சையில் இருந்தவர் ஒரே ஒரு அக்கா.

சோமனூரில் பிறந்து முதலிபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். எங்கள் திருச்சபைதான். தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். கணவரோடு மொபெட்டில் போகும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, விரல்கள்தான் விறகுக்குச்சிபோல விறைத்துக் கிடந்தன. சபை வளாகத்தில் இருந்த சின்ன மருத்துவ மையத்தில் வாரம் பாதி நாள் நான் இருப்பேன். அங்கே வந்தார். முதல் நாளே ஆசையைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு என்ற பழைய மிஷினே வேணுங் கண்ணு. மிஷின்ல உக்காந்தவ போயி கீழ உக்காந்து நூலு வெட்டமாட்டேன்."

கேட்ட மாத்திரத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வீம்பு பிடித்த நோயாளி கிடைப்பது ஒரு கொடுப்பினை. பயிற்சிகளைச் சொல்லித் தந்தேன். விரல்களை மெதுவாக மடக்கிவிடும் ஸ்பிளிண்ட் ஒன்றை அவர் கைக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தேன். மையத்தில் நன்றாகவே செய்தார். அடுத்த வாரம் வரும்போது விரல்கள் பழையபடி விறைத்திருந்தன. அதற்கடுத்த வாரமும் அப்படியே. புத்தகத்தில் இருந்த காரணம் எதுவும் பொருந்தவில்லை. சரி, வீட்டில் என்னதான் நடக்கிறது என்று ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

வீட்டில் நடந்தது அன்பு.

எங்கள் சபையில் யாராவது படுத்துவிட்டால் பெண்கள் ஐக்கியச் சங்கம் முறைவைத்துப் போய் அவர்கள் வீட்டைத் தாங்கும். நல்ல பழக்கம்தான், எங்கள் அப்பா போனபோது எங்களையும் அப்படித்தான் தாங்கினார்கள். அன்றைக்கு ஒருவர் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஒருவர் பாத்திரம் கழுவினார். இன்னொருவர் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து அக்காவின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் ராணிபோல உட்கார்ந்து, சிறைக்கைதிபோல விழித்தார். நான் செய்துகொடுத்த ஸ்பிளிண்ட் டி.வி. பெட்டிமேல் பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"அத நாந்தா கழட்டி வச்சேங் கண்ணு," என்றார் தலை வாரியவர். "பாவம், வலிக்குதுன்னு மொகத்தச் சுளிச்சா. மனசு கேக்குமா சொல்லு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சீப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். விறைத்த கை வேலை செய்தால்தான் இளகும். இந்த வீட்டில் அந்தக் கைக்கு ஒரு வேலையைக்கூட இவர்கள் மிச்சம் வைக்கவில்லை. ஜெபித்தார்கள், ஊட்டினார்கள், சேலைகூடக் கட்டிவிட்டார்கள். அவர்கள் போனதும் அக்காவைக் கேட்டேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?

"எப்படிங் கண்ணு சொல்றது? கம்பெனி விட்டு வந்து, அவிய ஊட்டு வேலையப் போட்டுட்டு வராங்க. வேண்டாம்னா வீம்புன்னுவாங்க. நீயே சொல்லிரு. நாஞ் சொல்லச் சொன்னேன்னே சொல்லு."

ஆயரிடம் போய் ஆராதனைக்குப் பிறகு அறிவிப்பு நேரத்தில் கொஞ்சம் பேச அனுமதி கேட்டேன். சிகிச்சை பற்றியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பொய் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தேன். நயமாகத் தொடங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நம் வாய்க்கு நயம் எங்கே வரும்? "இனிமேல் இந்த அக்காவுக்கு யாரும் உதவி செய்யாதீங்க," என்றுவிட்டேன். அக்கா தானே கேட்டுக்கொண்டது இது என்றேன், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றேன், எதுவும் எடுபடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"என்னம்மா பேசுத நீ? ஒரு மனுஷிக்கு ஒத்தாச செய்யாதன்னு சொல்லவா இம்புட்டுப் படிப்பு படிச்ச?"

பின்வரிசையில் யாரோ "படிச்ச திமிரு" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் அம்மாவுக்கும் கேட்டிருக்கும். செக்கிங் வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவள், வீடு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கோயில்ல நின்னு உதவி பண்ணாதீங்கன்னு சொன்ன ஒரே ஆளு இந்த ஒலகத்துலயே நீதாங் கண்ணு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் அம்மா சொன்னது சாப்பிடும்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உதவி பண்ணாதே என்றால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? அன்பு செய்தே பழகிய கைகளைக் கட்டிப்போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? மறுநாள் சங்கத் தலைவி வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன விதம் தப்பு, விஷயம் சரி என்றேன். முறை நிற்க வேண்டாம், முறைப்படியே அக்கா வீட்டுக்குப் போங்கள், ஆனால் விருந்தாளியாகப் போங்கள். அக்கா உங்களுக்கு டீ போட்டுத் தரட்டும். போகும்போது ஆளுக்கொரு வேலை கொண்டுபோங்கள், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோவுல கெடக்கறவகிட்டப் போயி வேல வாங்கறதா?"

"ஆமாங்க. அதுதானுங்க மருந்து."

முதல் டீயைக் குடிக்க நானும் போயிருந்தேன். அக்கா வலது கையால் டம்ளரைப் பிடித்தார். பிடி நிற்கவில்லை, பாதி டீ தரையில் கொட்டியது. சபையில் எனக்கு எதிராக எழுந்து பேசிய அதே திருநெல்வேலி அம்மா துடைக்கப் பாய்ந்தார். தலைவி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அக்கா துணியை எடுத்து வந்து தானே துடைத்தார். மிச்சம் இருந்த டீயை நாங்கள் குடித்தோம். சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒருவர் முருங்கைக்கீரை கொண்டுவந்து உருவித் தரச் சொன்னார். ஒருவர் மொச்சை உரிக்கக் கொடுத்தார். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி தினமும் சடை பின்னிக்கொள்ள வந்தாள், முதல் வாரம் அவள் தலை காக்கைக்கூடாகத்தான் இருந்தது, அப்படியே பஸ் ஏறிப் போனாள். வேலை வாங்குவதில் பெண்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. "நேத்து நீ குடுத்தது லேசான வேல, நான் மல்லிப்பூக் கட்டக் குடுக்கறேன் பாரு" என்கிற அளவுக்கு. ஸ்பிளிண்டைக் கழற்றிவைத்தவரே அக்கா அதை மாட்டியிருக்கிறாரா என்று சோதனை போட வந்தார். சங்கத்தில் பாதிப்பேர் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். அக்கா இரண்டு துண்டுகளின் ஓரத்தை விரல்நுனியால் சேர்த்துப் பிடித்து நகர்த்த, எதிரே உட்கார்ந்து ஒருவர் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தார். மிஷின் இல்லை, தையலும் இல்லை, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. விரல்கள் வாரத்துக்கு வாரம் இளகின. நடுவிரல் மட்டும் முழுவதும் மடங்கவில்லை. அது போகட்டும், அது இல்லாமல் ஓரம் பிடிக்க அக்கா கற்றுக்கொண்டுவிட்டார்.

கம்பெனிக்கு நானும் கூடப் போனேன். முதலாளி நல்ல மனிதர். கொமரலிங்கத்தில் இருந்த தன் தோப்புக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தவர், அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"வாங்கக்கா. கை எப்படிங்க இருக்குது? மிஷினெல்லாம் வேண்டாமுங்க, பாவம். செக்கிங்ல சும்மா உக்காந்துக்கங்க. நம்ம பாத்துக்கலாமுங்க."

இங்கேயும் அதே அன்பு! நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, ஒரு கட்டு பீஸு தெக்கக் குடுத்துப் பாருங்க. ஆகலீன்னா நானே போயிக்கறேனுங்க."

டி-ஷர்ட்டுக்குச் சைடு அடிக்கும் வேலை, முன்துணியையும் பின்துணியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பது. கட்டு வந்தது. அக்காவின் பழைய மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். பீஸ் எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். அக்கா கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்தார். நானும் மூடினேன். திறந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பீஸ் கோணல். அதைப் பிரிக்கத் தனியாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். இரண்டாவது நேராக வந்தது. பிறகு மிஷின் நிற்கவே இல்லை. நடுவில் கைமடிப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது, "தீதி, மை கர்தூ?" என்று, தான் செய்து தரட்டுமா என இந்தியில் கேட்டு, துணியின் ஓரத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அக்கா தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"விடு கண்ணு. நீ பீஸக் குடு, போதும்."

கட்டு முடிந்தது. லைன் சூப்பர்வைசர் பீஸ்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். முதலாளி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலை இழுத்துப் பார்த்தார். "திங்கக்கெழமை வந்துருங்கக்கா," என்றார். "இந்த மிஷினுக்கேங்க." நான் அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று அழுதேன். லைன் முழுக்க என்னைப் பார்த்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை, கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு எங்கள் சங்கம் ஒரு வேன் பிடித்துக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நடக்கும் தேர்வு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று வாய்தவறி அம்மாவிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். நெறியாளர் ஜெபித்தார். பின்வரிசைகளிலிருந்து வந்த ஆமென்னில் கூரை அதிர்ந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில், ஒருவருக்குக் கிடைக்கும் உதவியை நிறுத்துவதா சிகிச்சை என்றார். அந்த மைக் ஞாபகத்துக்கு வந்தது. இந்த முறை அவசரப்படவில்லை.

"நிறுத்தலீங்க சார். கொடுக்கற இடத்துல அவங்களை உட்காரவெச்சோம், வாங்கற இடத்துல ஊரை உட்காரவெச்சோம். அவ்வளவுதானுங்க." இங்கிலீஷில் சரளமாகப் போய்க்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டேன். தேர்வாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் அரங்கில் விசில் சத்தம் கேட்டது. திருநெல்வேலி அம்மாதான் என்று இன்றும் எனக்குச் சந்தேகம். நெறியாளர் என் தலையில் கைவைத்து மறுபடி ஜெபித்தார். ஆமென்னுக்குப் பிறகு கேள்வி எதுவும் வரவில்லை. அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்தேன். ஒரு தோளில் லேப்டாப், ஒரு தோளில் கைப்பை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் என் ஆய்வேட்டின் பிரதிகள். பெட்டி வழுக்கிக்கொண்டே போனது. படிக்கட்டின் கீழே எங்கள் பெண்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மாகூட அசையவில்லை.

"யாராச்சும் பிடிங்களேன்!" என்று கத்தினேன்.

"உதவி பண்ணக்கூடாதுன்னு நீங்கதானுங்க டாக்டர் சொன்னீங்க," என்றார் தலைவி. வேன் டிரைவர் வரைக்கும் சிரித்தார்.

அக்கா மட்டும் வரிசையிலிருந்து விலகிப் படியேறி வந்தார். பெட்டியின் கயிற்றில் வலது கை விரல்களைக் கொடுத்து என்னிடமிருந்து தூக்கினார். மடங்காத நடுவிரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற விரல்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இது உதவி இல்லீங் கண்ணு," என்றார். "எக்சர்சைஸு."