எதிராளி சாட்சியான புகார்

செய்தி வந்தபோது மணி பதினொன்றேகால். திருச்சுழிக்கு வடக்கே தன் மூன்று ஏக்கர் கரிசலில் சந்தனம்மாள் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்தவர் பக்கத்துக் காட்டுக்காரர் பால்ச்சாமி. அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. வரப்போரம் கட்டிக் கிடந்த அவளுடைய வெள்ளாட்டிடம் சொன்னார்.

“ஏ ஆடு, ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு. கேசு தள்ளுபடி ஆயிருச்சாம்.”

மூன்று வருஷமாக அப்படித்தான். சந்தனம்மாள் காட்டுக்கு டிராக்டர் போக வேண்டுமென்றால் பால்ச்சாமி காட்டு ஓரமாகத்தான் போக வேண்டும். அவர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். அவள் அருப்புக்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டாள். வழக்கு நடக்கிற இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது என்பது ஊர்க்கட்டு. ஆனால் அடுத்தடுத்த காடு, பேசாமல் எப்படி முடியும்? மாடு மேய்கிறது, மடை உடைந்துவிட்டது என்பதையெல்லாம் ஆடோ வேலிக்கருவையோ கேட்டுக்கொண்டது.

சந்தனம்மாள் நிமிர்ந்தாள். பாதை இல்லையென்றால் இந்த வருஷமும் வற்றல் மூடையைத் தலையில் சுமந்து முக்கால் மைல் நடக்க வேண்டும். கழுத்தெலும்பு இனித் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

“எப்படின்னு கேளு,” என்றாள் ஆட்டிடம்.

அவள் தரப்பில் மூன்று வாய்தாவாக யாரும் ஆஜராகவில்லையாம். ஜெயித்தவர் அல்லவா, பால்ச்சாமிக்கு நிறுத்த மனமில்லை. தனக்காகக் கோர்ட்டில் நின்றது ஒரு ஜூனியர்தான் என்றாலும் யோசனையெல்லாம் சங்கரபாண்டியன் வக்கீலுடையது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பின்வாசல் வழியாகப் போனால் அவரே உட்காரவைத்துப் பேசுவார், தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சந்தனம்மாளுக்கும் வக்கீல் சங்கரபாண்டியன்தான். அவள் போனது காலை பத்து மணிக்கு, முன்வாசல் வழியாக. கோர்ட்டுக்கெல்லாம் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னதும் அதே தங்கமான மனுஷன்தான்.

அதை அவள் ஆட்டிடம் சொல்லி முடித்ததும் பால்ச்சாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“கெடா வெட்டி ஊருக்குச் சோறு போடலாம்னு இருந்தேன்,” என்றார் ஆட்டிடம். “இப்ப வெட்டுனா கெடாவே சிரிக்கும்.”

மறுநாள் சந்தனம்மாள் வக்கீலிடம் போய்த் தன் கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றார். முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் வழக்கை மறுபடி எடுப்பார்கள். கட்டு இல்லாமல் வேறு வக்கீல் தொடமாட்டார். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிற ஹெப்சிபாதான் வழி சொன்னாள். சென்னையில் பார் கவுன்சில் இருக்கிறது, வக்கீல் தப்புச் செய்தால் அங்கே எழுதலாம் என்றாள்.

சந்தனம்மாள் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பக்கம் முழுக்கச் சாபம். ஹெப்சிபா மரியாதைக்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பிறகு அழித்தாள்.

“யக்கா, அவரு நாசமாப் போறது பின்னாடி நடக்கட்டும். நடந்ததைத் தேதியோட சொல்லுங்க.”

தேதிக்குச் சந்தனம்மாள் எங்கே போவாள்? வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது மல்லி விதைத்த மறுநாள். வக்கீல் கடைசியாக வாய்தா சொன்னது கம்பு அறுத்த அன்றைக்கு. பார் கவுன்சிலுக்குக் கம்பு தெரியுமா என்று ஹெப்சிபா யோசித்தபோது, அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் நின்ற பால்ச்சாமி ஹெப்சிபாவைப் பார்த்துச் சொன்னார்.

“மல்லி வெதச்சது ஐப்பசி பன்னெண்டு, சனிக்கிழமை. அன்னைக்கு ஒரு உழவு மழைன்னு எழுதிக்கம்மா.”

மழை பெய்த நாளையெல்லாம் மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைப்பது அவர் பழக்கம். கரி அழிந்துவிடும் என்று அந்தச் சுவரைச் செல்போனில் படமும் எடுத்து வைத்திருந்தார். அவளுடைய விதைப்பும் அறுப்பும் அவருடைய மழையும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் ஒன்பது தேதிகள் தேறின. பின்வாசல் கதையைத் தன் சாட்சியமாகத் தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். டீ ஆறுகிறது என்பதைக்கூட இருவரும் ஹெப்சிபாவிடம்தான் சொன்னார்கள்.

புகாருக்கு நோட்டரி முத்திரை வேண்டும். அருப்புக்கோட்டையில் இரண்டு நோட்டரி வக்கீல்கள், அதில் இருந்த பெயரைப் படித்ததும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போது மணி பத்தரை. திருச்சுழியில் ஒருவர் முத்திரை குத்தினார். மூலம் சென்னைக்குப் போனது, நகல் சங்கரபாண்டியனுக்கு. ஐந்தாம் நாள் அவருடைய குமாஸ்தா கேஸ் கட்டைக் கையோடு கொண்டுவந்து, இதற்குப் போய் இவ்வளவு தூரம் எழுதலாமா என்று வருத்தப்பட்டார்.

“தூரம்தான் தம்பி. பக்கத்துல கேட்டா அவுகளுக்குக் காது கேக்கல,” என்றாள் சந்தனம்மாள்.

இருபத்தாறாம் நாள் வேறு வக்கீல் மூலம் மனு ஏறியது. அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பாளையம்பட்டி தாண்டியதும் பால்ச்சாமி கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“நா ஒண்ணும் ஜெயிக்கல, அந்த வக்கீலுதான் ஜெயிச்சான். பத்தடி பாதையை விட்டுர்றேன்னு அவுககிட்டச் சொல்லுங்க.”

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் இன்னொரு முறை டிக்கெட் கிழிக்கப் போனார். சந்தனம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருஷ வற்றல் டிராக்டரில் போனது. அடுத்த மாசியில் அவள் காலமானாள். பார் கவுன்சிலில் விசாரணை நடக்கிறது, பால்ச்சாமிதான் போய்ச் சாட்சி சொல்லி வருகிறார். சாகும்வரை பாதை நெடுகச் சரள் மண் அடித்துக்கொண்டு வந்தாள் சந்தனம்மாள். அவள் காட்டை ஒட்டிய கடைசி நாலடிக்கு இன்னும் யாரும் அடிக்கவில்லை.