சூரியப் புள்ளியும் இரண்டு மூட்டை விதை மல்லாட்டையும்

காலை ஆறு மணி, ஒன்பது போன், முதல் ஆள் ஏர்கூலர் கடை கோவிந்தன். செஞ்சியில் பகுதிநேர நிருபராக இருந்தால், செய்தி வந்த அன்று பொழுது இப்படித்தான் விடியும். என்னோடு சேர்ந்து வெயிலில் வேகிற உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கடைசிப் பத்தி

மார்கழியில் ஒரு செய்தி அனுப்பினேன். சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும். அப்போது சூரியன் துளி கூடுதலாக ஒளிரும். இப்போது பெருகியிருக்கின்றன. ஆனால் அதனால் பூமியின் வெப்பம் ஏறுவது பத்தில் ஒரு டிகிரி அளவுதான். இந்த ‘ஆனால்’ எல்லாவற்றையும் கடைசிப் பத்தியில் வைத்தேன். இடம் போதாவிட்டால் பத்திரிகை டெஸ்கில் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள் என்பது இத்தனை வருடமாகத் தெரிந்தும் வைத்தேன். வெட்டினார்கள். தலைப்பு ‘கொதிக்கிறது சூரியன்’. கோவிந்தன் குரலில் உற்சாகம் தாங்கவில்லை: “சார், நாப்பது கூலர் எறக்கட்டுமா, நூறா?”

செக்குக்குப் போன ஆட்டோ

ஒன்பதாவது போன் செல்வி. அவலூர்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கிற சுகாதாரப் பணியாளர். அவர் கணவர் கன்னியப்பன், விதைக்க உரித்து வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எண்ணெய்ச் செக்குக்கு ஏற்றுகிறாராம். வரப்போகிற வெயிலில் பயிர் நிற்காது, நிலம் தரிசாகக் கிடக்கட்டும் என்று முடிவாம்.

பைக்கில் பறந்தேன். இரண்டு மூட்டையும் ஆட்டோவில் ஏறியிருந்தன. வெட்டுப்பட்ட பத்தியை வாயால் சொன்னேன். “பேப்பர்ல ஒண்ணு எழுதறது, நேர்ல ஒண்ணு பேசறது” என்றார் கன்னியப்பன். செல்வி பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்: “காய்ச்சல் ஒரு பாயிண்ட், பத்துல ஒரு டிகிரி, ஏறுனா நான் மாத்திரையே குடுக்கமாட்டேன். நீ வெதைய செக்குக்குத் தூக்கினு போறியா?”

கேஸ் யார் மேல?

மூட்டைகள் இறங்கின. கன்னியப்பன் என்னை விடவில்லை. “அப்ப வருசா வருசம் வெயில் ஏறுதே, அது இன்னா சார்?”

நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, பல வருடமாகச் சூரியனின் சூடு ஏறவில்லை, பூமிதான் சூடாகிறது என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தார். “சூரியன் பண்ணா நாம இன்னா பண்றது? மனுசன் பண்ணதுன்னா மனுசனே நிறுத்தலாமில்ல.”

பத்திரிகை பிறகு வெளியிட்ட திருத்தத்தைச் செஞ்சியில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சித்திரை 14-ம் தேதி கன்னியப்பன் அந்த விதையில் விளைந்த மல்லாட்டையைப் பிடுங்கினார்.